ஏரிக்கரை மேட்டில் ஒரு பிரஷர் சோதனை

"சிஸ்டர், இந்த மாத்திரைய நீங்களே வெச்சிக்கோங்க. காலையில முழுங்கினதுதான் கடைசி. இனிமே வாணாம்."

சாதிக் பாய் மருந்துப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார். பாகூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த காலம் அது, எண்பதுகளின் தொடக்கம். பாய், சைக்கிள் கேரியரில் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவிநத்தம் வரை ஊர் ஊராகப் போய் விற்பவர்.

நாற்காலியில் உட்காரவைத்து நாடியும் பிரஷரும் பார்த்தேன். பிரஷர் அருமையாகக் குறைந்திருந்தது.

"நல்லாத்தானே இருக்கு பாய்?"

"குந்தினு இருந்தா நல்லாத்தான் கீது. ஏரிக்கரை மேட்டுல மிதிச்சா காலு ரெண்டும் கழண்டுபூடுது. எறங்கித் தள்ளினு போறேன். 'இன்னா பாய், சைக்கிளுக்கு வயசாயிடுச்சா?'ன்னு பொம்பளைங்க சிரிக்குதுங்க. தீபாவளி யாவாரம் வேற வருது."

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். டவுனிலிருந்து புதிதாக வந்தவர், இளவயது. பாய்க்கு இந்தப் பிரஷர் மாத்திரையை, புரோப்ரனலால், எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

"திடீர்னு நிறுத்தினா ஆபத்து பாய். இதயம் தாறுமாறா அடிக்கும். நீங்களா நிறுத்தவே கூடாது."

"அப்போ மேட்டுல நீங்க வந்து தள்றீங்களா டாக்டர்?"

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்க, பார்த்துடலாம்" என்று கிளம்பினார். ஏரிக்கரை, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்தது. புடவை மூட்டை வீட்டில் இருந்ததால் அதற்குப் பதிலாக டாக்டர் தானே கேரியரில் ஏறி உட்கார்ந்தார். முடியாவிட்டால் உடனே நிறுத்தும்படி பாயிடம் சொல்லியிருந்தார். நான் பின்னால் நடந்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மாட்டை மறந்து எங்களையே பார்த்தார்கள்.

ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். சைக்கிள் நெளிந்தது.

"டாக்டர், மூட்டை ஆடாது. நீங்க ஆடறீங்களே!"

பாதி மேட்டில் பாய் காலை ஊன்றிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் நாடியைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எப்படியோ, கிட்டத்தட்ட அப்படியே நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டிய டாக்டரின் நாடியையும் பார்த்தேன். ஒரு மிதிகூட மிதிக்காத அவருக்கு அது குதிரை ஓட்டம்.

"ஏரியில தள்ளிடுவாரோன்னு பயந்துட்டேன் சிஸ்டர்" என்றார் டாக்டர்.

கரையிலேயே உட்கார்ந்து பாய்க்கு விளக்கினார்: "சும்மா இருக்கும்போது உடம்புக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். மேட்டுல மிதிக்கும்போது தொடை நிறைய கேக்கும். இதயம் வேகமா அடிச்சு அனுப்பணும். இந்த மாத்திரை பிரஷரைக் குறைக்குது, கூடவே அந்த வேகத்தையும் புடிச்சி வெச்சிடுது."

"அப்போ மூட்டைய எறக்கிடட்டுமா?"

"வேணாம். மாத்திரையை மாத்துவோம்."

அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அதில் பாய் வழியில் பனைமரம் பனைமரமாக இறங்கி ஒதுங்க வேண்டியிருந்தது. அதிகாலையிலேயே அதை முழுங்கப் பழகிய பிறகு அந்தத் தொல்லையும் ஓய்ந்தது. தீபாவளிக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்காமல் மேட்டில் ஏறினார். பிரஷரும் அடங்கியே இருந்தது.

நாற்காலியில் எடுக்கும் பிரஷர், நாற்காலியில் இருக்கும் மனுஷனுக்குத்தான் சொந்தம். அன்றிலிருந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் முன் நான், 'என்ன வேலை செய்யறீங்க?' என்று கேட்காமல் விட்டதில்லை. ஒருமுறை சுத்துக்கேணிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த மனைவிதான் பதில் சொன்னாள்:

"இவுருக்கு எந்த மாத்திரைனாலும் ஒத்துக்கும் சிஸ்டர். வூட்ல குந்தின எடத்தவுட்டு எழுந்துக்கறதே இல்ல."