பொட்டு வைத்த மெயில் சர்வர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் ராயபுரத்தில் சொந்தமாக மெயில் சர்வர் வாங்கிய முதல் வியாபாரி நான்தான். இல்லை என்பவன் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மீன், காய்கறி சப்ளை செய்வது என் தொழில். தலையில் கூடை சுமந்து ஆரம்பித்தது. இரண்டாயிரம் பிறந்தபின் கப்பல்காரர்கள் சாமான் பட்டியலை ஈமெயிலில்தான் அனுப்புவோம் என்றார்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு என் ஆபீஸைக் கவனித்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "நைனா, மெயில் கம்பெனி ஒண்ணுல வாடகைக்கு எட்த்துக்கலாம். எல்லாம் அவனே பாத்துக்குவான்."

எனக்குச் சுருக்கென்றது. "லாரி சொந்தம், குடோன் சொந்தம், ஐஸ் பெட்டிகூட சொந்தம். நம்ம தபாலு மட்டும் எவன் வூட்லயோ குந்திகினு இருக்கணுமா?"

"கெட்டுப்போனா யாரு பாக்கறது?"

"நீதான்!"

வாங்கிவிட்டேன். பீரோவுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி, ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து அதைக் காட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. பொட்டு வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடமாட்டோம். அது எங்கள் வழக்கம். லாரி, தராசு, ஃபேக்ஸ் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சர்வர் பக்கம் திரும்பினேன்.

"நைனா, இத்த மட்டும் நிறுத்தாத. கப்பலுக்கு ஏது லீவு?"

"லாரியே ரெஸ்ட் எடுக்குது. இதுக்கு இன்னா கொம்பா மொளச்சிகீது?" நானே ஸ்விட்சை அணைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோன். ஒரு பெரிய கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட். அவர்களுக்கு நிரந்தரமாகச் சப்ளை செய்ய இரண்டு வருஷமாக நாயாக அலைந்திருந்தேன்.

"இன்னா தலீவரே, நேத்து மத்தியானம் லிஸ்ட் அனுப்சேன், உனுக்குப் போய்ச் சேரலன்னு எனுக்கே சேதி வருது. கப்பலு சாயங்காலம் கெளம்புது. எட்டு மணிக்குள்ள பதிலு வர்லன்னா வேற ஆளுக்குக் குட்த்துடுவேன்."

"ஃபேக்ஸ்ல அனுப்புபா!"

"அதுவும் எடுக்க மாட்டேங்குது."

எப்படி எடுக்கும்? அதுவும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுபூஜைக்கு நல்ல நேரம் ஒன்பதரை. மாலையைப் பிய்த்துப்போடக் கை வரவில்லை. கப்பலை விடவும் மனசில்லை. மகள் ரிசீவரைப் பிடுங்கினாள். "சார், எங்கிட்ட இலவச மெயில் ஒண்ணு கீது, அதுக்கு அனுப்புங்க!"

எதிர்ச்சாரியில் ஒரு பிரவுசிங் சென்டர். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், அவருக்குப் பூஜை விடுமுறை கிடையாது. இருவரும் ஓடினோம்.

"என்ன அண்ணாச்சி, சொந்த சர்வரு வச்சிருக்கிய, இங்க வந்து நிக்கிய?"

"அது மாலை போட்டுகினு கீது. நீ கம்ப்யூட்டரைப் போடுய்யா!"

பட்டியல் திரையில் வரி வரியாக இறங்கியது. மகள் பதில் தட்டி அனுப்பும்போது சுவர்க் கடிகாரத்தில் எட்டுக்கு மூன்று நிமிஷம்.

அப்புறம் நான் யாரென்று காட்டினேன். ஆட்டோ பிடித்துக் காசிமேடு. மீன் ஏலத்தில் நின்று வஞ்சிரத்தை அள்ளினேன். ஒன்பதரைக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடி எலுமிச்சை நசுங்க, லாரி நேராகக் காய்கறி மார்க்கெட்டுக்கும் அங்கிருந்து துறைமுகத்துக்கும் பறந்தது. இரண்டு மணிக்குள் எல்லாச் சாமானும் கப்பலில். அந்த அவசரத்தில் இந்தத் தரத்தில் கொடுக்க இந்த வட்டாரத்தில் வேறு எவன் இருந்தான்? ஏஜெண்டே கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே எங்க கப்பல் எல்லாம் உனுக்குத்தான்" என்றார்.

திரும்பி வந்ததும் மகளைக் கூப்பிட்டேன்.

"மெயிலை வாடகைக்கே எட்த்துடு. ஆனா ஒண்ணு, ஆயுத பூஜைக்கு லீவு வுடாத கம்பெனியா பாரு."