ஹாஜரா பீவியின் கபன் துணி

காயல்பட்டினத்தில் ஒரு பெண் இறந்தால், அழுகைச் சத்தம் தெருவை எட்டும் முன்பே ருகையாவைத் தேடி ஆள் வந்துவிடும். மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுவதும், இலந்தை இலை ஊறிய நீரில் கற்பூரம் கலப்பதும், உடலைச் சுற்றும் கபன் துணியைப் பெண்ணுக்கு ஐந்து என்ற முறைப்படி கிழித்து அமைப்பதும் அவள் தொழில். சாவு வீட்டில் அவள் கை காட்டினால், செல்வந்தர் வீட்டுப் பெண்களும் மறுபேச்சின்றி விலகி வழிவிடுவர்.

உலகப்போரின் கடைசி ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், பாய் முடைந்து பிழைக்கும் பதுருன்னிஸாவின் தாயார் காலமானார். துணிப் பங்கீட்டு பர்மிட் இல்லாமல் எந்தக் கடைக்காரரும் ஒரு முழம் துணிகூடத் தராத காலம் அது. பர்மிட் வழங்கும் தாலுகா அலுவலகமோ அன்று விடுமுறை.

"வெளுத்த சேலை ஒன்னைத் துவைச்சுச் சுத்தினா மார்க்கத்துக்குப் போதும்ளா. இல்லாதப்பட்ட வீட்டுக்கு அஞ்சு துணி எதுக்கு?" என்றாள் அண்டை வீட்டுக்காரி, வந்து நின்ற ருகையாவிடம்.

பதுருன்னிஸா தாயின் கால்மாட்டிலிருந்து அசையவில்லை. "இருந்த வரைக்கும் எங்க உம்மாவுக்கு மாத்துச்சேலை கிடையாது. போறப்பவாவது பொம்பளைக்கு உள்ள அஞ்சும் வேணும். அது வராம நான் தூக்க விடமாட்டேன்."

"சாயந்தரம் அஸர் தொழுகைக்குள்ள வரும். நீ தண்ணியைச் சுடவை" என்று சொல்லிவிட்டு, பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்கு வழியாக ருகையா ஹாஜரா பீவியின் வீட்டுக்கு விரைந்தாள்.

கொழும்பு வணிகரின் மனைவியான ஹாஜரா பீவி, போருக்கு முன் ஹஜ்ஜுக்குச் சென்றபோது தமக்கென்று கபன் துணிகள் வாங்கி, மக்காவின் புனித ஜம்ஜம் நீரில் நனைத்துக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்தார்.

"என் மௌத்துக்கு வச்சிருக்கதைக் கேக்க உனக்கு எப்படிளா வாய் வந்துச்சு?"

"அவங்களுக்கு இன்னைக்கு வேணும் லாத்தா."

"எனக்கு நாளைக்கே வேணும்னா?"

"நாளைக்குத் தாலுகா ஆபீஸ் தொறந்திருக்கும்."

ஹாஜரா பீவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கொள்ளையில போறவளே! நான் சாகுததுக்கு நாள் குறிச்சுத் தாரியா?" என்று திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உடலைச் சுற்றும் நீளத் துணிகள் இரண்டு, சட்டை, இடுப்புத் துணி ஆகியவற்றை எடுத்துக் கொடுத்தவர், முக்காட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதைத் தரமாட்டேன். கஅபாவைப் பார்த்தப்ப இது என் கையில இருந்துச்சு."

"உங்ககிட்டயே இருக்கட்டும். நீளத் துணி உங்க உயரத்துக்கு வெட்டினது லாத்தா. அந்தச் சின்ன உடம்பைச் சுத்தினது போக, ஒரு முக்காடு தாராளமா வரும்."

அப்படியே வந்தது. குளிப்பாட்டி முடித்ததும் ருகையா நீளத் துணிகளைப் பாயில் விரித்து, தலைமாட்டில் மிஞ்சியதை அளந்து ஒரே இழுப்பில் கிழித்தாள். பதுருன்னிஸா எழுந்து வந்து துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த முக்காட்டை வாங்கித் தானே உம்மாவின் தலையில் போட்டு, ஓரங்களைச் சரிசெய்தாள்.

"இப்பத் தூக்கலாம்" என்றாள்.