நின்றுபோகாத இதழ்

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் நூலகர். கரிசல் மண் ஆராய்ச்சி பற்றிய ஒரு மின்னிதழ் திடீரென்று எங்கள் கணினியில் திறக்கவில்லை. பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த ராஜேஸ்வரி டீச்சர், அதற்காக மூன்று சனிக்கிழமை வந்து நின்றார்.

"பழைய இதழாவது கிடைக்குமா சார்? நாலாம் அத்தியாயமே அதை நம்பித்தான் இருக்கு."

"அது நின்னு போச்சு டீச்சர், பழசும் இனி கிடைக்காது," என்றேன். நான் விசாரிக்கவே இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்று அவர் அந்த அத்தியாயத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, விளம்பரம் என்று நான் திறக்காமல் விட்டிருந்த மின்னஞ்சல் ஒன்று கண்ணில் பட்டது. இதழ் வேறு பதிப்பகத்துக்கு மாறுகிறது, எங்கள் சந்தா விவரத்தை அனுப்பினால் பழைய இதழ்களும் தொடர்ந்து கிடைக்கும் என்றிருந்தது. அன்றே அனுப்பினேன். இரண்டே நாளில் எல்லாம் திறந்தன.

உடனே டீச்சருக்கு போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "பட்டம் வாங்கிட்டேன் சார். நம்ம லைப்ரரிக்கு ஒரு காப்பி கொண்டு வாரேன்."

வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அவர் கொடுத்த ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பு இது: "இவ்விதழ் நின்றுவிட்டது. தகவல்: கல்லூரி நூலகர்."

அந்த ஏட்டை எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்த அடிக்குறிப்பு தவறு என்று சொல்லிவிடுகிறேன். டீச்சரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.