தெருவில் மட்டும் போட்ட மாஸ்க்

என் மனைவி எக்ஸ்ரே அறைக்குள் போனதும் நான் ஆஸ்பத்திரி வாசலுக்கும் மரத்தடிக்குமாக நடக்கத் தொடங்கினேன். உட்கார முடியவில்லை.

ராஜபாளையத்தில், கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். காசநோய்க் கிருமி இருமலில் கிளம்பிக் காற்றில் பரவும் என்று பல வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இருமல் விடாமல் போனபோது, உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். சளியைச் சோதித்தார்கள். காசநோய்தான். "வீட்லயும் மாஸ்க் போடுங்க, சன்னலத் திறந்து வைங்க, கூட இருக்கறவங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி டாக்டர் மாத்திரை தந்தார். தலையாட்டினேன். பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கோயிலுக்குப் போனதாகச் சொன்னேன்.

மாஸ்க்கைத் தெருவில் போட்டேன். கொரோனாவுக்குப் பிறகு அதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் மனைவி கேட்பாள் என்று கழற்றினேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், "என்ன சார், ராவெல்லாம் இருமுதிய?" என்றதும் சன்னல்களைச் சாத்திவிட்டேன். எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டேன். தட்டால் இந்த நோய் பரவாது என்பதும் தெரியும். ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல். சாத்திய அறையில் இருவரும் சீரியல் பார்த்தோம்.

பிறகு அவளும் இருமினாள். சர்க்கரை நோய்க்காரி. அன்றுதான் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டு, எம் மூஞ்சியில வந்து இருமியிருக்கிய. பாடம் எடுத்த ஆளு!" என்றாள்.

எக்ஸ்ரே எடுத்த அன்று மாலையே முடிவு வந்தது. அவளுக்கும் காசநோய். விடாமல் மாத்திரை சாப்பிட்டால் இருவருக்கும் குணமாகும் என்ற டாக்டர், வீட்டில் வேறு யாரும் தங்கினார்களா என்று கேட்டார். நான் தயங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "பரீட்சை லீவுக்கு மகன் வீட்டுல இருந்து வந்திருந்தாக. ரெண்டு சின்னப் பிள்ளைக."

அவர்களையும் பரிசோதிக்க வேண்டும், நோய் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படலாம் என்றார்.

வெளியே வந்ததும் போனை நீட்டினாள். "மருமகட்ட பேசுங்க. சளி, இருமல்னு இழுக்காதிய. பேரச் சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசுதேனே."

"பஸ் ஏறினா வேற கத கட்டுவிய. இங்கனயே பேசுங்க."

"சொல்லுங்க மாமா" என்றாள் மருமகள்.

"எனக்குக் காசநோய்மா. நீங்க வந்திருந்தப்பவே இருந்துச்சு."

மறுமுனையில், பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்லும் அவள் குரலும், கதவு சாத்தப்படும் சத்தமும் கேட்டன.