குளிர் விடாத பெட்டி

சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐஸ் பிளாண்ட் கட்டினேன். ரெண்டு படகு விட்டேன். டெலானிபூர் மேட்டில் வீடு எழுப்பினேன். அஞ்சாம் கிளாஸோடு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவன், இன்று மெயின்லேண்டுக்கு விமானத்தில் மீன் அனுப்புகிறேன். நான் கட்டிய பெட்டியைச் சென்னையில் திறந்தாலும் சூரைமீனின் கண் தெளிவாக இருக்கும். அதனால்தான் மருமகளுக்கான அந்தப் பெட்டியையும் நானே கட்டினேன்.

மருமகளுக்கு மூன்று முறை கரு தங்கி, மூன்று முறையும் கலைந்தது. டாக்டரம்மா சொன்னார்: "கர்ப்பப்பையோட உள்சவ்வுல காவல் அணுக்கள் இருக்கு. அதுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அந்தச் சேதிக்குத்தான் சைட்டோகைன்னு பேர். கரு வந்தா, 'நம்ம ஆளு, இடம் கொடு'ன்னு போகணும். இங்க 'அடி'ன்னு போகுதோன்னு சந்தேகம்."

கரையே படகை உடைக்கிறதா?

சவ்வில் கிள்ளி எடுத்ததைச் சென்னை லேபுக்கு அனுப்ப வேண்டும். உறையக் கூடாது, சூடாகவும் கூடாது. கெட்டால் அடுத்த மாதம் மறுபடி அவளுக்கு அந்த வலி.

அன்று மேகம் தலைக்கு மேல் இறங்கியிருந்தது. ஏர்போர்ட்டில் நின்றோம். விமானம் கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் மேலே சுற்றியது. பிறகு அதுவும் தேய்ந்து மெயின்லேண்டுக்கே திரும்பிவிட்டது.

"போச்சுப்பா" என்றான் மகன்.

"என் ஐஸ் பிளாண்ட் போயிருச்சாலே?" என்றேன்.

பெட்டியை அங்கே கொண்டுபோய், ஐஸ் நேராகப் படாமல் சாக்கு சுற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நானே விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். லேபில் திறந்து பார்த்து, "கெடலை" என்றார்கள்.

'அடி' என்ற சேதிதான் அதிகம் என்று ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா மருந்து கொடுத்தார். "உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றும் சொன்னார்.

இப்போது மறுபடி தங்கியிருக்கிறது. முன்பு மூன்றும் கலைந்தது கர்ப்பத்தின் இதே மாதத்தில்தான். மருமகள் சுவரைப் பிடித்தபடி நடக்கிறாள். நான் பெட்டிக் கதையை எடுத்தால், "மெள்ள பேசுங்க மாமா. உள்ள இருக்கிற காவல்காரங்க முழிச்சுக்கிட்டா அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சிரிக்கிறாள். கை மட்டும் வயிற்றை விட்டு எடுப்பதில்லை.

வெளியே காற்று நின்றுவிட்டது. இந்தக் கடலில் அது நல்லதற்கில்லை.

எல்லோரும் டாக்டரம்மாவைப் புகழ்கிறார்கள், புகழட்டும். பிள்ளை வந்தால், ஞானஸ்நானத்தன்று நாலு பேர் முன்னால் என் பேரையும் சொல்ல வேண்டும். வராவிட்டாலும் சொல்ல வேண்டும், என் கையில் இருந்தவரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது கெடவில்லை என்று.