முகாமில் மாப்பிள்ளை வீடு பார்த்தது

அன்று காரில் இருந்தவர்கள்: நான், மனைவி செல்வி, அவள் தம்பி முருகன், டிரைவர் ஜஸ்டின். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதே, அதனால் ஜஸ்டினையும் வேட்டி கட்டி வரச் சொல்லியிருந்தேன். "வாடகை ஆயிரத்தி எண்ணூறு. வேட்டிக்குத் தனியா உண்டா அண்ணாச்சி?" என்றான்.

காலை 8.10க்குச் சுசீந்திரத்தை விட்டோம். மார்த்தாண்டம் தாண்டி மூன்று கிலோமீட்டரில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம். மகளோடு வேலை பார்க்கும் பையன் அங்கே பிறந்தவன். அவனைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

என் பயமெல்லாம் செத்துப்போன அப்பாவால்தான். அவர் பட்டாளக்காரர். இலங்கைச் சண்டைக் காலத்தில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பையன் வீட்டார் ஓடிவந்ததும் அங்கிருந்துதான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் யார் பக்கம் நியாயம் என்று பேசத் தெரியாது.

9.15. தக்கலையில் ஏத்தன் வாழைக்குலை வாங்கினோம், 620 ரூபாய். "மாமா எங்க வேலை பாத்தாவன்னு கேட்டா, வடக்கேன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் செல்வி.

"பொய்யில்ல அத்தான். இலங்கைக்கு யாழ்ப்பாணம் வடக்குதானே," என்றான் முருகன்.

10.20. ஓர் அறை வீடு. சுவரில் மாலை போட்ட ஒரு பையன் படம், இருபது வயதுகூட இராது. மாப்பிள்ளையின் தாத்தா கந்தையா சொன்னார்: "என்ர தம்பி. இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரேல்லை."

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன். செல்வி என் காலை மிதித்தாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எங்க அப்பா அங்க பட்டாளத்துல இருந்தாரு. பின்னால வேற ஆள் சொல்லித் தெரியப்பிடாதுல்லா..."

மாப்பிள்ளையின் அம்மா பலகாரத் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார். பதறிப்போய் மேலும் உளறினேன். அப்பா எங்களுக்குச் சொன்னது ஒரே கதைதான்: காவல் நின்ற ரயில் கேட்டுப் பக்கம் ஒரு டீக்கடை, தமிழ் பேசுகிற ஆளென்று கடைக்காரர் அவரிடம் காசே வாங்கமாட்டார்.

தாத்தா நிமிர்ந்தார். "ஓசியிலை ஆர் குடுத்தது? ரயில் கேட்டடியிலை கடை வச்சிருந்தது நான். நாகர்கோயில்காரர் ஒருத்தருக்குக் கடன் கொப்பியிலை எழுதினனான். ஒருநாள் விடிய காவல் ஆக்களை மாத்திப்போட்டாங்கள். உங்கட அப்பாவோ வேற ஆளோ தெரியாது. கணக்கு மட்டும் மறக்கேல்லை."

தொகையைச் சொன்னார். நூறு ரூபாயை நீட்டினேன்.

"இந்தக் காசு வேண்டாம்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தக் கடன் இலங்கைக் காசு. கலியாண நாளிலை கொண்டுவந்து என்ர தம்பியின்ர படத்துக்கு முன்னாலை வையுங்கோ," என்றார். வாசல் பக்கம் திரும்பி, "பிள்ளை, பலகாரத்தைக் கொண்டா," என்றும் சொன்னார்.

1.30க்குக் கிளம்பினோம். "குடிச்சது மாமாதான்னு என்ன உறுதி அத்தான்?" என்றான் முருகன்.

"வேற ஆளா இருந்தாலும் நாமதாம்லே குடுக்கணும்."

சுசீந்திரத்தில் அப்பாவுக்குப் பட்டாளத்தார் என்று பெயர், முகாமில் கடன்காரர். இதைவிட மோசமான பெயரை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இப்போது, இலங்கைச் சில்லறைக்கு எங்கே போவது என்று கவலை. நிலுவை: நாற்பத்துமூன்று ரூபாய் ஐம்பது சதம்.