கேசட்டில் மிச்சமிருந்த பாட்டு

வளைகுடாவில், ஃபர்வானியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைப்பது என் வேலை. இன்று காலை வார்டில் ஒரு அரபிக் கிழவர் போனில் பழைய கடல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் இழுத்துப் பாட, மேளத்தோடு பத்துப் பேர் கை தட்டினார்கள். துடைப்பானோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா இறந்து இருபது நாள் ஆகிறது. போக எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா இதே நாட்டில் ஒரு அரபியின் மீன் படகில் வேலை பார்த்தார். அவருக்கு எழுத வராது. கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அதைத் திறந்தால் மீன் வாடையும் அத்தர் வாசமும் சேர்ந்து அடிக்கும். அவர் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். மிச்சம் முழுக்கப் படகுக்காரர்கள் கூடிப் பாடும் பாட்டுதான்.

"அரபிக்காரன் கத்துறது நமக்கு எதுக்கு? நிறுத்து மக்கா" என்பாள் அம்மா. நான் நிறுத்திவிடுவேன்.

லீவில் வந்தபோது அப்பா, "பாட்ட முழுசா கேட்டியளா?" என்றார்.

"கேட்டோம்ப்பா" என்று பொய் சொன்னேன்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் பாட்டுக்கு எல்லாரும் கை தட்டி ஓய்ந்த பிறகு அவர் கை தனியாகத் தட்டியது. அது வழக்கம்தான். அம்மா முக்காட்டுக்குள் சிரித்தாள்.

டியூட்டி முடிந்ததும் அம்மாவைப் போனில் கூப்பிட்டு அப்பாவின் பழைய கேசட் ஒன்றைப் போடச் சொன்னேன். அப்பா பேசி முடித்தார். அம்மா அழுதாள்.

"நிறுத்தவா மக்கா?"

"வேண்டாம்மா, ஓடட்டும்."

பாட்டு ஏறியது. எல்லாக் கைகளும் ஒன்றாக விழுந்தன. பிறகு ஒரு கை மட்டும் விழுந்தது.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அங்கயும் பிந்தித்தான் தட்டியிருக்காரு, பாத்தியா."